கார்டினல் அறையில் விளக்கு அணைந்த மாலை

நார்வேயில், ஒஸ்லோ நகரின் ரொம்மன் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டின் சின்னப் படுக்கையறை அது. கட்டில் கிடக்க வேண்டிய இடத்தில் தரையிலிருந்து கூரைவரை கம்பிவலை அடித்திருந்தது. உள்ளே தொட்டிச் செடிகள், காய்ந்த கிளைகள், ஒரு சோடி கார்டினல் குருவிகள். வெனிசுவேலாப் பக்கத்து வறண்ட புதர்க்காடுகளைச் சேர்ந்த இனம். ஆண்குருவி தலையிலிருந்து வால்வரை பழுத்த மிளகாய் நிறம். உச்சியில் நெட்டுக்குத்தாக ஒரு கொண்டை. பெண் சாம்பலும் பழுப்பும் கலந்தது. கொண்டை நுனியில் மட்டும் யாரோ விரலால் தடவிவிட்ட மாதிரி சிவப்பு. அடுத்த கூண்டில் தடித்த அலகும் கருநீல உடம்புமாக குரோஸ்பீக் என்ற இன்னொரு இனக் குருவி தனியாக இருந்தது.

இரண்டாயிரங்களின் நடுவில், என் கணவரின் கம்ப்யூட்டர் வேலைக்காகத் திருச்சியிலிருந்து ஒஸ்லோவுக்கு வந்திருந்தோம். எனக்கு வேலை கிடைக்கவில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு பறவைகளின் பின்னால் அலைந்தேன். ரொம்மன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருநாள் பனி மூடிய மரத்தைக் குறிபார்த்து நின்றபோது, ரயில் ஓட்டுநர் சீருடையில் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்கள் இந்தியாவோ?"

"ஆமாங்க. திருச்சி."

"நல்ல சிவப்பு நிறத்திலை குருவி படம் எடுக்கவேணுமெண்டால் எங்கடை வீட்டை வாங்கோ. மனிசியும் நிப்பா, பயப்பிடாதேங்கோ."

அப்படித்தான் அந்த வீட்டுக்குள் போனேன். அவரை அண்ணா என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர்கள். அக்கா ஒரு பாலர் பள்ளியில் வேலை செய்தார். முதல் நாள் தேநீரைக் கொண்டுவந்தவர் அறை வாசலிலேயே நின்று கையை மட்டும் நீட்டினார்.

"உள்ள வாங்கக்கா."

"வேண்டாம் பிள்ளை. பூட்டி வைச்ச எதையும் எனக்குப் பாக்கேலாது."

சனவரியில் பெண்குருவி முட்டையிட்டு மூன்று குஞ்சு பொரித்தது. அந்த இனம் கூண்டில் குஞ்சு பொரிப்பது அபூர்வம் என்று அண்ணா சொன்னார். படம் எடுக்க எனக்கு அனுமதி கொடுத்தார், ஆனால் கண்டிப்போடு. ஃப்ளாஷ் போடக் கூடாது. வலைக்கு முன்னால் தொங்கவிட்ட போர்வையின் ஓட்டைக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும். தாய் கூட்டில் இல்லாத நேரம் அசையவே கூடாது. அறை விளக்குகூடச் சாயங்காலங்களில் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும்படிதான் அவர் செய்து வைத்திருந்தார்.

"திடீரெண்டு இருட்டினால் தாய்க்குக் கூடு தெரியாது. விழுந்த இடத்திலையே இருந்திடும். குஞ்சுகளுக்கு இன்னும் இறகு முளைக்கேல்லை, விறைச்சுப் போகுங்கள்."

அன்று அண்ணா வேலைக்குப் போயிருந்தார். வெளியே சாயங்காலமே இருட்டிவிட்டிருந்தது. தாய் கூட்டைவிட்டு இறங்கித் தீனித் தட்டுக்குப் போனது. ஆண்குருவி அலகில் ஒரு புழுவோடு கூட்டு விளிம்பில் வந்து குந்தியது. மூன்று வாய்களும் திறந்தன. நான் அழுத்தினேன். அந்தச் சொடுக்குச் சத்தம் அடங்கும்போது விளக்கு அணைந்தது.

முதலில் என் கேமராவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். பிறகுதான் ஹீட்டரின் முனகலும் நின்றிருப்பது உறைத்தது. இருட்டில் சிறகுகள் வலையில் மோதின. ஒருமுறை, இன்னொருமுறை. அப்புறம் தரையில் எதுவோ பொத்தென்று விழுந்தது. குஞ்சுகளின் கீச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கதவுக்கு வெளியே அக்காவின் குரல். "பிள்ளை, கரண்ட் போட்டுது. எல்லா வீடும் இருட்டு. வெளியிலை வாங்கோ."

"வர முடியாதுக்கா. தாய் கூட்டுல இல்ல. நான் எழுந்தா பயந்து மறுபடி பறந்து மோதும்."

கதவுக்கு அப்பால் போனில் எண்களை அழுத்தும் ஒலி. "இவர் போனை எடுக்கிறார் இல்லை. ரெயில் ஓட்டேக்கை நிப்பாட்டி வைக்கிறவர்."

அவர் நடந்து போவதும் இழுப்பறைகள் திறந்து மூடுவதும் கேட்டன. என் தொடை மரத்துப்போய்விட்டது. அறை குளிர்ந்துகொண்டே வந்தது. கீச்சல் மெலிந்தது. அது எனக்குக் கத்தலைவிடப் பயமாக இருந்தது.

கதவு அங்குலம் அங்குலமாகத் திறந்தது. அக்கா முழங்காலில் தவழ்ந்து உள்ளே வந்தார். தலையில் கட்டும் லைட்டைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டுக் கையில் வைத்திருந்தார். தேன் நிறத்தில் மங்கலாக ஒரு வெளிச்சம்.

"குருவியிலை அடிக்கக் கூடாது. கூட்டுக்கு மேலை, சுவரிலை அடிப்பம்," என்று காதருகே சொன்னார். "எத்தினை வருசமா இவர் இந்தக் கதையைத்தானே கதைக்கிறார். கேட்காமல் இருக்கேலுமே?"

லைட்டை வலையோரத்தில் கட்டிவிட்டு மறுபடி தவழ்ந்து போனார். பால்கனிக் கதவு திறந்தது. சுற்றுலாவுக்குக் கொண்டுபோகும் சின்னக் காஸ் அடுப்பை அந்தப் பனிக்குளிரில் பற்ற வைத்துத் தண்ணீர் கொதிக்க வைத்திருக்கிறார். உள்ளே பற்ற வைத்தால் புகை குருவிகளுக்கு ஆகாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் திரும்பி வருவதற்குள், கேமராவின் ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து ஒரு படம் எடுத்தேன். என் கண்ணுக்குப் புலப்படாததை அது வெளிச்சம் சேர்த்துச் சேர்த்துக் காட்டியது. சின்னத் திரையில் சுவர், செடி, கூட்டின் விளிம்பு. ஆண்குருவி கிளையில் சிவப்புக் கறையாக இழுபட்டிருந்தது. கூட்டுக்கு மேலே ஒன்றும் இல்லை.

அக்கா வெந்நீர் பாட்டில்களைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். கூடு இருந்த தொட்டி வலையை ஒட்டித்தான் நின்றது. தீனி வைக்கும் சிறு கதவு வழியாகக் கையை விட வேண்டும்.

"எனக்கு இங்கையிருந்து கூடு தெரியேல்லை. எவ்வளவு கிட்ட எண்டு நீங்கள் சொல்லுங்கோ."

"இன்னும் உள்ள. கொஞ்சம் இடது பக்கம். கிளைல படாம... போதும், விட்டுடுங்க."

ஆண்குருவி அவர் விரலைக் கொத்தியது. உதட்டைக் கடித்தாரே தவிர கையை உதறவில்லை. மூன்று பாட்டில்களையும் தொட்டியைச் சுற்றி வைத்துவிட்டுத்தான் கையை எடுத்தார்.

காத்திருந்தோம். இலைகள் ஒருமுறை சலசலத்தன. தாயா, அல்லது ஆண்குருவிதான் இடம் மாறியதா, எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. மறுபடி ஷட்டரைத் திறந்து வைத்தேன். மனதுக்குள் எண்ணிக்கொண்டே மூச்சைப் பிடித்திருந்தேன். படம் திரையில் வந்தது. கூட்டின் மேல் ஒரு பழுப்பு மேடு.

"இது காஞ்ச கொப்பில்லையோ?" என்றார் அக்கா.

பெரிதாக்கினேன். கலங்கலான அந்த மேட்டின் மேல் துளிச் சிவப்பு. அதற்குக் கீழே ஒரு கண், புள்ளியாக மின்னியது.

"வந்துடுச்சுக்கா. குஞ்சு மேல உக்காந்திருக்கு."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "சண்டை நேரம் எங்களை ஒருக்கால் ஒரு பள்ளிக்கூடத்துக்கை வைச்சுப் பூட்டினவங்கள். இருட்டுக்கை எல்லாப் பிள்ளையளும் அழுதுகள். பிறகு அழுறதையும் விட்டிட்டுதுகள். அதுதான் இந்த அறைக்கை நான் வாறேல்லை."

அவர் கையைப் பிடித்தேன். கொத்துப்பட்ட இடத்தில் ரத்தம் பிசுபிசுத்தது.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மின்சாரம் திரும்பினால் பெரிய விளக்கு பளீரென்று எரியும்; தாய் மிரண்டு மறுபடி பறக்கும். "அக்கா, சுவிட்ச்!" என்றேன். அவர் வேகமாகத் தவழ்ந்து போய்ச் சுவரில் தடவிச் சுவிட்சை அணைத்தார். அதற்குக் கொஞ்சம் பிறகுதான் கதவிடுக்கில் நடைக்கூடத்து வெளிச்சம் கோடாக விழுந்தது. ஹீட்டர் முனகத் தொடங்கியது. தாய் கூட்டைவிட்டு அசையவில்லை.

அண்ணா ஷூவைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். வழியிலேயே மின்வெட்டு பற்றித் தெரிந்திருக்கிறது. நாங்கள் இருவரும் தரையில் கிடப்பதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"போனை நிப்பாட்டி வையுங்கோ, நல்லா நிப்பாட்டி வையுங்கோ," என்று அக்கா தாழ்ந்த குரலில் திட்டினார். அண்ணா, மனைவி அந்த அறைக்குள் இருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் ஒரு குஞ்சு செத்துக் கிடந்தது. மூன்றில் சின்னது. மற்ற இரண்டும் வாயைத் திறந்து தீனி கேட்டனவாம். அக்காதான் தொலைபேசியில் சொன்னார். அதற்குப் பிறகு தினமும் அவரே அழைத்தார். இறகு முளைத்துவிட்டது, ஒன்று விளிம்பில் ஏறி நிற்கிறது என்று செய்தி வரும். ஒருநாள் மூச்சு வாங்க, "கெதியா வாரும், பறக்கப் போகுதுகள்!" என்றார். அவர் என்னை 'நீர்' போட்டுப் பேசியது அன்றுதான் முதல்முறை. எங்கள் ஊரில் அப்படிப் பேசினால் சண்டைக்கு வருகிறார்கள் என்று பொருள். அவர்கள் ஊரில் நெருங்கிவிட்டார்கள் என்று பொருள்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு குஞ்சு கிளையில் இருந்தது. மற்றது செடிக்குள் விழுந்து ஏறத் தெரியாமல் தத்தளித்தது. இரண்டும் மண் நிறம். கொண்டை இருக்க வேண்டிய இடத்தில் நாலு சின்ன இறகு கலைந்து நின்றன.

"இதுகளும் சிவக்குமோ?" என்று அக்கா கேட்டார்.

"ஆணா இருந்தா சிவக்கும்னு அண்ணா சொன்னாரு."

"சிவக்காட்டிலும் என்ன," என்றார் அவர். "முதல்லை அந்தக் கொப்பிலை ஏறட்டும்."

செடிக்குள் கிடந்தது ஒருமுறை தாவிச் சறுக்கியது. அடுத்த தாவலுக்கு நான் குறிபார்த்தேன்.