மடத்து வீட்டுக் கஞ்சி

போன வருட ரமழான் நோன்பில் ஒரு மாலை, குணேஸ்வரியக்காவின் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது. அந்த மனுஷியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த மாலைதான் முந்திக்கொண்டு வருகிறது. ஆனால் அவர் யார், அது என்ன வீடு என்று சொல்லாமல் அதைச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

எங்கள் ஊர் மடத்தடி. மூதூரிலிருந்து வெருகல் பக்கம் போகும் வீதியில் இறங்கி வயலுக்குள் நடக்க வேண்டும். ஊருக்குப் பெயர் தந்த மடம்தான் குணேஸ்வரியக்காவின் வீடு. ஒரு காலத்தில் பெனடிக்ட் சபைக் கன்னியாஸ்திரிகள் அதில் இருந்தார்கள். வெளியே வராத, ஒருவருக்கும் முகம் காட்டாத கன்னியாஸ்திரிகள். அவர்கள் மடத்தை மூடிக்கொண்டு போனபோது குணேஸ்வரியக்காவின் மாமனார் வாங்கி வீடாக்கினார். ஜெபம் பண்ணிய மண்டபம் ஹோலாகியது. சின்னச் சின்ன அறைகளின் நடுச்சுவர்களை இடித்துப் பெரிய அறைகள் எடுத்தார்கள். சாப்பாட்டு மண்டபத்தில் நெல் மூட்டை அடுக்கினார்கள். மாதா நின்ற மாடத்தில் இப்போது பிள்ளையார் இருக்கிறார். சுவர்கள் அவ்வளவு தடிப்பு, உள்ளே நின்று கத்தினாலும் வீதிக்குக் கேட்காது. என் குரலைச் சொல்லவில்லை, மற்றவர்களின் குரலைச் சொல்கிறேன்.

வீதிப் பக்கச் சுவரில், குசினியை ஒட்டி, ஒரு பெட்டி இருக்கிறது. பீப்பா மாதிரி உருண்டையான மரப்பெட்டி. அதற்கு ஒரு பக்கம் மட்டுமே திறப்பு. உள்ளே நிற்பவர் எதையாவது வைத்துச் சுற்றிவிட்டால் திறப்பு வெளிப்பக்கம் போய்விடும். வெளியே நிற்பவர் எடுத்துக்கொண்டு திருப்பிச் சுற்றிவிடுவார். இவர் முகம் அவருக்குத் தெரியாது, அவர் முகம் இவருக்குத் தெரியாது. கன்னியாஸ்திரிகள் மத்தியானத்தில் அதில் ஒரு சாப்பாடு வைப்பார்களாம், பசித்தவர் யாரானாலும் எடுக்கட்டும் என்று. வீட்டைக் கொடுக்கும்போது மடத்துத் தலைவியான பெரிய தாயார் கேட்டது ஒன்றைத்தான். சாப்பாடு நிற்கக்கூடாது, எடுப்பவரைப் பார்க்கவும் கூடாது. மாமனார் ஓம் என்றார். சைவக் குடும்பம், வேதக்கார அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. அதை ஈச்சிலம்பற்றிலிருந்து வாழவந்த மருமகள் தலையில் கட்டிவிட்டு அவர் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

மருமகள் அதைக் கட்டிக்கொண்டு அழவில்லை, கட்டிப் பிடித்துக்கொண்டார். புருஷன் குணரத்தினம் வயலில் பாம்பு கடித்து இறந்த அன்று அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. செத்த வீட்டில் மூட்டமாட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து சோறு கொண்டுபோனோம். அந்தச் சோற்றில் முதல் கோப்பையைப் பெட்டிக்குள் வைத்துச் சுற்றிவிட்டுத்தான் அவர் மறுபடி அழ உட்கார்ந்தார். எனக்கு அப்போதே தூக்கிவாரிப் போட்டது.

யுத்த காலத்தில் துவக்கோடு ஆட்கள் வந்தார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று நான் சொல்லப் போவதில்லை, எல்லாப் பக்கத்து ஆட்களும்தான் வந்தார்கள். யாருக்குச் சோறு கொடுக்கிறாய் என்று கேட்டு அறைந்தார்கள். தெரியாது என்றார். மறுபடி அறைந்தார்கள். மறுபடியும் தெரியாது.

“பாத்திருந்தா சொல்லியிருப்பன் பிள்ளை. அடி தாங்கிற உடம்பே இது? தெரியாததாலதான் நானும் தப்பினன், அந்த ஆளும் தப்பினது,” என்று ஒருநாள் மிளகாய் காயப்போட்டுக்கொண்டே சொன்னார்.

யுத்தத்தில் இடம்பெயர்ந்து இருந்த அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. மனுஷி முதலில் திருத்தியது கூரையை அல்ல, பெட்டியை. மழை தலையில் கொட்ட, பெட்டி மட்டும் ஜோராகச் சுற்றியது. இது பைத்தியம்தான் என்று நான் ஊர் முழுக்கச் சொன்னேன்.

அவரிடம் நேரேயும் சொல்லியிருக்கிறேன். “கையும் காலும் நல்லா இரிக்கிறவன்தான் எடுத்துத் தின்னுறான் அக்கா. நீங்க ஊருக்குள்ள சோம்பேறி வளக்கிறீங்க.”

“வளக்கிறன் போலதான்,” என்பார். சண்டைக்கு வராத ஆளோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

என் புருஷன் றுவைஸ் திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு கொந்தராத்துக்காரரிடம் வேலை. சீமெந்து மூட்டை ஏற்றி இறக்கி நெஞ்சில் ஓர் இருமல் பிடித்துவிட்டது, பழைய மோட்டார் இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆகிற மாதிரி. விடிய முதல் பஸ்ஸில் போனால் பொழுதுபட வருவார். மத்தியானச் சாப்பாடு வேலைத்தலத்தில் என்பதால் நான் கட்டிக் கொடுப்பதில்லை. போன வருடம் சம்பளம் குறைந்தது. கொம்பனி பாதிதான் தருகிறது என்றார். நான் கொம்பனியையும் திட்டினேன், கேட்டு வாங்கத் தெரியாத அவரையும் திட்டினேன்.

நோன்பு தொடங்கிக் கொஞ்ச நாளில் குணேஸ்வரியக்கா வேலியடிக்கு வந்து கூப்பிட்டார். முகம் வாடியிருந்தது.

“பிள்ளை, பெட்டிச் சோறு எடுபடாமக் கிடக்கு. உங்கட நோன்பு தொடங்கினதில இருந்து ஆள் எடுக்கேல்ல. அப்ப, எடுக்கிற ஆள் உங்கட ஆளாத்தான் இருக்கோணும். பகல்ல வைச்சு என்ன பிரயோசனம்? நோன்பு திறக்கிற நேரத்துக்குக் கஞ்சி வைப்பம் எண்டு பாக்கிறன். எப்பிடிக் காய்ச்சிறது எண்டு சொல்லுங்கோ.”

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. “ஓசிச் சோறு தின்னுற சோம்பேறிக்கு நோன்பு வேறயா?” என்றேன். ஆனாலும் சொல்லிக் கொடுத்தேன். அரிசி, பாசிப்பயறு, இஞ்சி, உள்ளி, ரம்பை இலை, கடைசியில் தேங்காய்ப்பால். இறைச்சி எங்கள் ஆட்களின் கடையில் வாங்கித் தருகிறேன் என்றேன்.

“வெள்ளிக்கிழமை என்ட குசினியில இறைச்சி ஏறாது. ஒருநாள் போட்டு ஒருநாள் போடாட்டி அந்த ஆள் ஏமாந்து போகும். இறைச்சி இல்லாமலே காய்ச்சுவம்,” என்றார்.

அதே நாட்களில்தான் என் புருஷனும் பொழுதுபட வரும்போது தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவரத் தொடங்கினார். வேலைத்தலத்துக்குக் கிட்ட உள்ள பள்ளிவாசலில் கொடுக்கிறார்களாம். முதல்நாள் ஒரு வாய் வைத்தேன். வைத்த வாயை எடுத்துவிட்டேன். பெருங்காயம்! நோன்புக் கஞ்சியில் பெருங்காயம் போடுகிற முஸ்லிம் இந்த உலகத்தில் எங்கேயாவது உண்டா? இறைச்சியும் இல்லை.

“என்ன கஞ்சி இது? சாம்பார்ச் சட்டியில காய்ச்சினவங்களா? திருகோணமலை ரவுணில இரிக்கிறவங்களுக்கு நாக்கே இல்லையா?” என்று அன்றைக்குக் கத்தினேன். அடுத்த நாளும் கத்தினேன். மகள் ஜுமானாவுக்கு அது விளையாட்டாகிவிட்டது. தூக்குச்சட்டியைத் திறந்ததும் என் முகத்தைத்தான் பார்ப்பாள். அந்தப் பள்ளிக்குப் போன் பண்ணிக் கேட்கப் போகிறேன் என்றும் ஒருநாள் சொன்னேன்.

“விடு, ஓசிக் கஞ்சிக்கு என்ன குறை சொல்லுற?” என்றார் அவர், குனிந்த தலை நிமிராமல்.

இனி அந்த மாலை. கட்லட் பொரித்திருந்தேன். குணேஸ்வரியக்காவுக்குக் கொஞ்சம் கொடுக்கலாம் என்று கோப்பையில் எடுத்துக்கொண்டு போனேன். அவர் அடுப்படியில் நின்றார்.

“நல்ல நேரம் வந்தனீங்கள். உப்புச் சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ,” என்று அகப்பையை நீட்டினார்.

“அக்கா! நோன்பு!”

“ஐயோ, நோன்புக் கஞ்சியைக் காய்ச்சிக்கொண்டு நோன்பை மறந்திட்டன்,” என்று சிரித்தார். பிறகு சுவர்த் தட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்தார். ஒரு சிட்டிகை எடுத்துக் கஞ்சியில் போட்டுக் கலக்கினார். ஆவி என் முகத்தில் அடித்தது.

“என்ன அக்கா போட்டீங்க?”

“பெருங்காயம். பயறெல்லே, வெறும் வயித்தில வாய்வு பிடிக்கும். முதல் நாளில இருந்து போடுறனான். நீங்கள் சொல்ல மறந்திட்டியள் எண்டு நினைச்சன்.”

கோப்பை என் கையிலிருந்து விழுந்தது. கட்லட் நிலமெல்லாம் உருண்டது. இறைச்சி இல்லாத, பெருங்காயம் போட்ட நோன்புக் கஞ்சி. உலகத்தில் ஒருவரும் காய்ச்சாத கஞ்சி. அதைத்தான் நான் தினமும் குடித்துக் குடித்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இருக்காது, இருக்கவே இருக்காது என்று நின்றேன். குணேஸ்வரியக்கா என்னைக் கவனிக்கவில்லை. கஞ்சிச் சட்டியைப் பெட்டிக்குள் வைத்தார், பக்கத்தில் ஒரு பிடி பேரீச்சம்பழம் வைத்தார், சுற்றிவிட்டு வழக்கம்போல் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் பெட்டி இடுக்கு வழியாக வெளியே மணலில் காலடி கேட்டது. தூக்குச்சட்டி மூடி கிறீச்சிட்டது. தேங்காயெண்ணெய் போடுங்கள் என்று நான் சொல்லிச் சொல்லி அலுத்த மூடி. அப்புறம் இருமல். இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆகிற இருமல்.

நோன்புக்கு முன் மத்தியானச் சோற்றை எடுத்த ஆளும் இவர்தான் என்றால், என் புருஷன் வேலைக்குப் போகவில்லை. மாதக்கணக்கில் போகவில்லை. விடிய முதல் பஸ் ஏறிப் போய் எங்கே இறங்கினார்? பகல் முழுக்க எங்கே இருந்தார்? பாதிச் சம்பளம் என்று தந்த காசை யாரிடம் கடன் வாங்கினார்? மத்தியானம் எந்தச் சோற்றைத் தின்றார்? சோம்பேறி, கையும் காலும் உள்ளவன் என்று நான் வாய் கிழியச் சொன்னது யாரை? கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ஊர்ப் பள்ளியில் போய்க் கஞ்சி வாங்கலாமே! அங்கே பணக்காரனும்தானே வரிசையில் நிற்கிறான்! ஆனால் அங்கே பின்னேரமே கொடுத்துவிடுவார்கள். வேலைக்குப் போன ஆள் அந்த நேரத்தில் அங்கே நின்றால் ஊர் கேட்கும். கேட்டால் என் காதுக்கு வரும். என் காதுக்கு வந்தால் என் வாய் சும்மா இருக்காது. மனுஷன் பயந்தது பசிக்கு அல்ல, என் வாய்க்கு.

அந்த வாய் அப்போதும் திறந்தது. “ஜு...” என்று தொடங்கிவிட்டேன், ஜுமானாவின் வாப்பா என்று அவரைக் கூப்பிட.

குணேஸ்வரியக்கா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார். அந்த மெலிந்த உடம்பில் அவ்வளவு பலம் இருந்ததென்று எனக்குத் தெரியாது. அவர் விரலிலும் பெருங்காயம் மணத்தது. வெளியே காலடி நகர்ந்து, வேலியோரமாகப் போய், கேட்காமல் போகும்வரை கையை எடுக்கவில்லை. பெட்டி வெறும் சட்டியோடு எங்கள் பக்கம் திரும்பி நின்றது.

“பேர் சொல்லாதேங்கோ பிள்ளை,” என்றார். “உங்களுக்குத் தெரிஞ்ச ஆள் எண்டு உங்கட முகத்தில தெரியுது. அவ்வளவும் காணும். பேர் தெரிஞ்சா அந்த ஆளை வீதியில கண்டா என்ட கண் காட்டிக் குடுத்திடும். பிறகு அவர் வரமாட்டார். பட்டினி கிடப்பாரே ஒழிய வரமாட்டார்.”

நான் வயலுக்குள்ளால் ஓடி, என் புருஷனுக்கு முன் வீட்டுக்கு வந்துவிட்டேன். முகத்தைக் கழுவினேன். அவர் வந்தார், தூக்குச்சட்டியை வைத்தார், நோன்பு திறக்கப் பள்ளியில் பாங்கு சொன்னது. பேரீச்சம்பழம் எடுத்தோம். அந்தப் பழமும் எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும். கோப்பையில் கஞ்சி ஊற்றினேன். ஜுமானா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாய் குடித்தேன். இன்னொரு வாய் குடித்தேன்.

“உம்மா, என்ன இண்டைக்கு ஒண்டும் சொல்லல்ல?”

“நல்லா இரிக்கு,” என்றேன். “இன்னும் கொஞ்சம் ஊத்து.”

அவருடைய கை கோப்பைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் அந்த மனுஷன் அப்படி அதிர்ந்து நான் பார்த்ததில்லை. நான் கஞ்சியையே பார்த்துக்கொண்டு குடித்தேன். கேட்க வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. அவராகச் சொல்லட்டும் என்று கஞ்சியோடு சேர்த்து விழுங்கினேன்.

அடுத்த நாள் பின்னேரம் ஒரு பையில் அரிசியும் பயறும் எடுத்துக்கொண்டு மடத்து வீட்டுக்குப் போனேன். குணேஸ்வரியக்கா பையை வாங்கிப் பார்த்தார்.

“இது ஆருக்குப் பிள்ளை?”

“ஆருக்கெண்டு எனக்கும் தெரியாது அக்கா.”

அவர் அரிசியைக் கழுவி உலையில் போட்டார். நான் பக்கத்தில் இருந்து தேங்காய் துருவினேன். கஞ்சி கொதித்து வந்ததும் டப்பாவைக் கையில் எடுத்து, மூடியைத் திறந்து, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“பெருங்காயம் போடவோ, விடவோ?”

“போடுங்க அக்கா,” என்றேன். “நேத்துப் போட்ட அளவுக்கே போடுங்க.”