பேசாமல் தேய்க்கக் கூடாத எண்ணெய்

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் மலேசியாவின் பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். கணவருக்குக் கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் கணக்கெழுதும் கிராணி வேலை. காலையில் ஃபெரி ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். மூத்த பையனுக்கு ஐந்து வயது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பிழைக்கவில்லை.

நான் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. பிள்ளைத்தாய்ச்சி பிணம் பார்க்கக் கூடாது என்று மாமியார் என்னைப் பின்வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார். கதவைச் சாத்திவிட்டார்கள். "அழாதம்மா, உள்ள இருக்கறதுக்கு ஆகாது" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மாலையில் வீட்டுக்கு வந்தபோது தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். அவனுடைய துணிமணி, செருப்பு ஒன்றையும் காணோம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவன் பெயரையே யாரும் எடுக்கவில்லை.

மகள் பிறந்தாள். அதற்குள் என் உள்ளங்கை இரண்டும் வெடித்துத் தோல் உரிய ஆரம்பித்திருந்தது. ஆஸ்பத்திரிக் களிம்பு போட்டால் அடங்கும், விட்டால் மறுபடியும் வரும். பக்கத்து வீட்டு அக்கா, "அம்மன் கோபம் லா" என்றார். தண்ணீர்மலை முருகனுக்கும் வேண்டிக்கொண்டேன். மகளைத் தூக்கினால் என் கை சொரசொரவென்று உராய்ந்து அவள் வீறிட்டு அழுவாள். கொஞ்ச நாளில் என்னிடம் வரவே மறுத்து, மாமியார் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒன்றைப் பறிகொடுத்தவளுக்கு, இருக்கிற ஒன்றும் கைக்கு வராமல் போனால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்!

யாரோ சொல்லி, டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்த ஆயுர்வேத வைத்தியரிடம் கணவர் அழைத்துப் போனார். நாடி பார்த்துவிட்டு, எப்போது தொடங்கியது என்று கேட்டார் வைத்தியர். "பிரசவத்துக்கு முன்னாடிங்க" என்றார் கணவர். "எம்மவன் போன அன்னிக்கு" என்றேன் நான். என்னையறியாமல் வந்துவிட்டது. கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வைத்தியர் கஷாயமும் எண்ணெயும் கொடுத்துப் பத்தியம் சொன்னார். கருவாடு கூடாது, கத்திரிக்காய் கூடாது, இறாலை இடித்துப் புளிக்கவைத்த பெலாச்சான் ஆகவே ஆகாது. பினாங்கில் இருந்துகொண்டு பெலாச்சான் தின்னாமல் இருப்பது பாதித் துறவறம்! பிறகு கணவரைப் பார்த்து, "எண்ணெய நீங்கதான் தேய்க்கணும். பேசாமத் தேய்க்கக் கூடாது, அதுவும் பத்தியம்தான். மனசுல கெடக்கறது வெளிய வரலன்னா தோலு ஆறாது" என்றார்.

முதல் நாள் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. ஃபெரியில் இன்றைக்குச் சரியான கூட்டம் என்றார் கணவர். நான் "ம்" என்றேன். மறுநாள் என் உள்ளங்கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டே, "அவனுக்கு நீலச் சட்டதான் போட்டு விட்டேன், தீபாவளிக்கு எடுத்தது" என்றார்.

"மொகம் எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"தூங்கற மாதிரிதான் இருந்தான். உன்னக் கூட்டிட்டு வர்றேன்னு சொன்னேன். யாரும் விடல."

அன்று வாய்விட்டு அழுதேன். சத்தம் கேட்டு ஓடி வந்த மாமியார் தடுக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அவரும் அழுதார்.

நான் பார்க்காத அந்த நாளைக் கணவர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். சில மாதங்களில் கை ஆறியது. எண்ணெயா, பத்தியமா, அழுகையா, எது ஆற்றியது என்று எனக்குத் தெரியாது. மகள் என் இடுப்பில் உட்கார ஆரம்பித்தாள். ஆனால் பெற்ற பிள்ளையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத குறை மட்டும் இன்றுவரை எந்த மருந்துக்கும் அடங்கவில்லை.

துக்க வீட்டில் ஒரு பெண்ணை யாராவது "அழாதே" என்று அதட்டினால், இப்போதெல்லாம் நான் குறுக்கே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அழாமல் விட்ட அழுகை எங்கே போய் வெடிக்கும் என்று எனக்குத் தெரியும்.