முந்தானைக் காற்றில் விழுந்த பூ

செய்தி வந்தபோது நான் சிங்காநல்லூர் உழவர் சந்தையில் அவரைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். துளசிமணி அக்காவின் மகள் சுமதிதான் போன் செய்தாள். "சின்னம்மா, அம்மா போயிட்டாங்க" என்றாள். போனை வைத்துவிட்டாள். காய்க்காரர் "எத்தன கிலோ போடட்டுமுங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. இனிமேல் அக்காவிடம் சொல்ல முடியாதே என்ற பயம்.

கருமாதியன்று கொடுக்கும் நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் என்று மில்லில் கூட வேலை பார்த்த நீங்கள் கேட்டீர்கள். என் பேத்தி கம்ப்யூட்டர் இன்ஜினியர். நான் சொல்லச் சொல்ல நிமிடத்தில் தட்டித் தந்துவிடுவாள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல வாய் வரவில்லை. ஐந்தாம் வகுப்புப் படிப்போடு நானே எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழையை மட்டும்தான் சொல்கிறேன்.

அக்காவுக்கு அலறத் தெரியாது. மில்லை மூடிய அன்று கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது நினைவிருக்கிறதா? நூல் சுற்றும் வைண்டிங் பெண்கள் அத்தனை பேரும் மண்ணில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தோம். அக்காவுக்கு அப்போது புருசனும் இல்லை, பள்ளிக்கூடம் போகும் மகள் வேறு. அவர் தூக்குப்போசியைத் திறந்து, "சோத்த உண்டுபோட்டு அழுவலாம் வாங்க. ஊசிப்போச்சுன்னா அதுக்கு வேற அழுவோணும்" என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டோம். "உங்களுக்குப் பயமே இல்லீங்களா அக்கா?" என்று கேட்டேன். "இருக்குது அம்மணி. ஆனா ஆத்தா இருக்கறாளல்லோ" என்றார்.

ஆத்தா என்று அவர் சொன்னது கன்னிமாரை. அன்னூருக்குப் பக்கத்தில் அவர் பிறந்த ஊர்த் தோட்டத்து வேலியோரம் ஒரு வேம்பு, அதன் அடியில் ஏழு கல். பூசாரி கிடையாது. வீட்டுப் பெண்களே தண்ணீர் ஊற்றிப் பொட்டு வைப்பார்கள். கல்யாணம், கிணறு, மாடு, எதுவானாலும் அங்கே பூக் கேட்காமல் அந்த வீட்டில் முடிவு செய்வதில்லை. நனைத்த அரளிப் பூவை ஆத்தா தலையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் காத்திருக்க வேண்டும். வலப்பக்கம் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். விழவே இல்லையென்றால் ஆத்தா இன்னும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

சுமதிக்குப் பெருந்துறைப் பக்கத்து மாப்பிள்ளையைக் கொண்டுவந்தது நான். எங்கள் சொந்தம்தான், லேத்துப் பட்டறை வைத்திருந்தான். நான் பேசி முடித்த சம்பந்தம் ஒன்றுகூடத் தட்டிப்போனதில்லை என்று எனக்கு அப்போது பெரிய பெருமை. மாப்பிள்ளை வீட்டில் வாக்கும் கொடுத்துவிட்டேன். அக்காவோ மூன்று திங்கட்கிழமை பூ வைத்தார். பூ அப்படியே இருந்தது.

"ஏனுங்க அக்கா, அவங்களுக்கு என்னங்க பதில் சொல்றது?"

"ஆத்தா ஒண்ணுஞ் சொல்லலையே கண்ணு."

"ஊரு பூரா கேக்கறதுக்கெல்லாம் பதில அளந்து போட ஆத்தா என்ன ரேசன் கடையா வெச்சிருக்கறா? பையனுக்கு என்ன கொறைங்க?"

"கொறை ஒண்ணும் இல்ல. அவ வாயத் தொறக்கட்டும்னு பாக்கறேன்."

நான்காவது திங்கள் நானும் கூடப் போனேன். வேம்பில் ஓர் இலை அசையவில்லை. அக்கா பூவை வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். என் வாக்கு, என் பெருமை, அந்த ஒரு பூ. வெயிலுக்கு விசிறிக்கொள்வது போல முந்தானையை எடுத்து வீசினேன். ஒரு வீச்சுக்குப் பூ அசைந்தது. இன்னொரு வீச்சுக்கு வலப்பக்கம் விழுந்தது. "அக்கா, பாருங்க!" என்று நானேதான் கத்தினேன். அக்கா அந்தப் பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார்.

மூன்று வருடத்தில் சுமதி கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். அவன் கை நீட்டுகிறவன். அவள் முதுகைப் பார்த்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். "நீங்க பேசுன சம்பந்தந்தானுங்களே?" என்று சிலர் என்னைக் கேட்டீர்கள். நான் சொன்ன பதிலும் ஞாபகம் இருக்கும். "ஆத்தாளே பூக் குடுத்துப்போட்டா, நாம என்னங்க பண்றது?" என்றேன். செய்தது நான், பழியைக் கல்லின் மேல் போட்டேன். கல் மறுத்துப் பேசாது என்ற தைரியம்.

அக்கா என்னை ஒரு சொல் கேட்கவில்லை. "அவ குடுத்த பூ. என்ன நெனச்சுக் குடுத்தாளோ" என்று ஒரே ஒரு தரம் சொன்னார். கொடுக்காத பூவுக்கு அர்த்தம் தேடியே அவருக்கு வயதாகிப் போனது. அதன் பிறகு அவர் பூக் கேட்டதே இல்லை. ஆனால் திங்கட்கிழமை மட்டும் தவறவில்லை. காந்திபுரம் போய்ப் பஸ் மாறி, வெண்ணெய் பிஸ்கட் வாங்கிக்கொண்டு போவார். "ஆத்தாளுக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டு. அவளுக்குப் பல்லு இல்லையல்லோ" என்பார்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஒருநாள் நானும் உடன் போனேன். அரை மணி நேரம் அவர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"பதில் ஏதாச்சும் வருதுங்களா அக்கா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்குங்க இத்தன தூரம்?"

"பேசலைன்னா என்ன அம்மணி? எந்திரிச்சுப் போயிறலையே. நான் வந்தா இருக்கறா. அது போதாதா?"

நான் வாயைத் திறந்தேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க அக்கா" என்றுதான் வந்தது.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் சொல்லத்தான் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டயா அம்மணி?" என்று கேட்டார். "சாப்பிட்டேனுங்க" என்றேன். அதுவும் பொய்.

அந்த மூன்று திங்கட்கிழமையும் ஆத்தா பேசவில்லை என்றுதான் நினைத்தோம். பூவை விழவிடாமல் அவள் பொறு என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அதன் பிறகு இத்தனை வருடமும் அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தவள் நான்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் சுமதிக்கு முதலில் தெரிய வேண்டும் என்று நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். இதுவரை எழுதியது முழுவதையும் படித்துக் காட்டினேன். முந்தானை வரும் இடத்தில் படிப்பதை நிறுத்தினேன். நிமிர்ந்து பார்க்கவில்லை, விட்ட இடத்திலிருந்து மறுபடி படித்தேன். முடித்த பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை. திட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை. வெளியே பால்காரர் வந்து மணி அடித்துவிட்டுப் போனார். அவள் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

துளசிமணி அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது வேம்படியில் அவர் உட்கார்ந்த இடம். வருகிற திங்கள் அங்கே போகப் போகிறேன். பூ கொண்டு போக எனக்குத் தகுதியில்லை. பிஸ்கட் மட்டும் வாங்கிக்கொள்வேன். ஆத்தா பேச வேண்டாம். நேற்று சுமதி பேசவில்லை, எழுந்தும் போகவில்லை. அக்கா சொன்னது எனக்கு அப்போதுதான் புரிந்தது.