சாமியாருக்குப் பாடிய குரல்

என் கணவரின் குரலைக் கேட்டு ஜனங்கள் காலில் விழுந்த காலம் ஒன்று உண்டு. விழுந்தது அவர் காலில் இல்லை. அதுதான் அப்போது எனக்கு வயிற்றெரிச்சல்.

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் இவருக்குப் பகலில் மில் வேலை, திருவிழா என்றால் மெல்லிசைக் குழுவில் பாட்டு. கிடார், ட்ரம்ஸ், ஒரு பழைய கீபோர்டு, இவர். சினிமாப் பாட்டை அசலைவிட ஒரு பிடி கூடவே பாடுவார் என்றால், பெண்டாட்டி பேச்சு என்பீர்கள். சொல்லிவிட்டுப் போங்கள். இன்றும் காலையில் பல் விளக்கியதும் அவர் பாடுகிறார், நான் அடுப்படியில் நின்று கேட்கிறேன். எனக்கு அது போதும்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம். விழா நடத்தும் பெரிய மனிதருக்குத் திடீரென்று பாட ஆசை வந்துவிடும். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மைக்செட்காரர் அவருடைய மைக்கை மெல்லக் குறைத்துவிடுவார். ட்ரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து இவர் பாடுவார். பெரிய மனிதரும் வாயை அசைத்துவிட்டு, தானே பாடியதாக நம்பி, சால்வையோடு வீட்டுக்குப் போவார்.

வத்திராயிருப்புத் திருவிழாவில் அப்படி வாயசைத்தவர்தான் அந்தச் சாமியார். பிளவக்கல் அணைக்குப் போகிற வழியில், மாந்தோப்பில் ஆசிரமம் வைத்திருந்தார். அதற்கு முன் சினிமாவில் பாட வேண்டும் என்று மெட்ராஸில் வருஷக்கணக்காக அலைந்தவராம். ஒருவரும் சீண்டவில்லை. மற்ற பெரிய மனிதர்களைப் போல அவர் ஏமாறவில்லை. யார் குரல் என்று விசாரித்து, மறுநாளே ஆள் அனுப்பிவிட்டார்.

பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தோப்பில் கச்சேரி. சினிமா மெட்டில் சாமிப் பாட்டு. மேடையில் சாமியார் கண்ணை மூடி வாயசைப்பார். பின்னால் காவித் திரைக்குள் இவர் பாடுவார். கேசட்டும் வந்தது. அட்டையில் சாமியார் படம். டீக்கடைகளில் விடிந்தால் அதுதான் ஓடும். காலேஜ் படித்த பையன்கள்கூட அந்தக் குரலில் மயங்கி, வீட்டை விட்டுத் தோப்பிலேயே போய்த் தங்கினார்கள்.

"உங்க குரலுக்கு அந்தாளு படமா?" என்று கத்துவேன்.

"விடுட்டி. பாட்டு ஊரெல்லாம் கேக்குதுல்ல" என்பார். மண்ணாந்தை என்று திட்டிக்கொண்டே சோறு போடுவேன்.

ஒருநாள் தோப்புக் கிணற்றில் இரண்டு பையன்களின் உடல்கள் மிதந்தன. ஊருக்குத் திரும்பப் போகிறோம் என்று சொன்னவர்களை, சாமியார் அடித்துக் கொன்று போட்டிருக்கிறார். போலீஸ் பிடித்ததும், பாடியதெல்லாம் தான்தான் என்றார். திரைக்குள் இருந்தவன் தன் தலைமைச் சீடன், கொலையும் அவன் செய்ததுதான் என்றார்.

மில் வாசலிலேயே இவரை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். நான் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்கு ஓடினேன். தூக்குத் தண்டனையா, ஆயுள் தண்டனையா என்பதைத் தவிர மண்டையில் வேறெதுவும் ஓடவில்லை. உள்ளே பெஞ்சில், இறந்த பையன் ஒருவனின் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"இவரு பாட மட்டுந்தேன் போனேங்காரு. சாமியார் தானே பாடுனேங்காரு. நான் யாரை நம்ப?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அந்தாளைப் பாடச் சொல்லுங்க சார்."

"சொல்லிட்டேம்மா. மௌன விரதமாம்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "அப்ப இவியளைப் பாடச் சொல்லுங்க" என்றேன்.

மேஜை முன்னால் நின்ற இவர் தலையைக் குனிந்துகொண்டே ஆரம்பித்தார். முதல் வரி நடுங்கியது. இரண்டாவதில் குரல் எழுந்தது. எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். நான் லாக்கப்பைப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து கிடந்த சாமியார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. ஒரு கையைத் தூக்கி, வரிக்கு வரி வாயசைத்துக்கொண்டிருந்தார். அது அவருக்கே தெரியவில்லை.

நான் இவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். திரும்பிப் பார்த்தவர் பாட்டைச் சட்டென்று நிறுத்தினார். சாமியாரின் வாய் நிற்கவில்லை. உச்சஸ்தாயிக்குக் கழுத்தை உயர்த்தி, சத்தமே இல்லாமல் முழு வரியையும் பாடி முடித்தார். ஸ்டேஷனே பார்த்தது.

"பாட்டுல சொன்னது பொய்னா கொலையில சொன்னதும் பொய்தேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பெஞ்சில் இருந்தவர் எழுந்து எங்கள் முன்னால் வந்து நின்றார். என் கணவர் கைகூப்பினார்.

"எம் மவன் கேசட்டுல அந்தப் பாட்டைப் போட்டா பாதியில நிப்பாட்ட மாட்டான் தம்பி" என்றார் அவர். "மிச்சத்தையும் பாடுங்க."

என் கணவர் அவரைப் பார்த்தபடியே கடைசி வரி வரைக்கும் பாடினார்.