குங்குமம் வைத்த ரிவிஷன் பி

மலேசியாவில், கிள்ளானில் ஒரு சின்னப் பட்டறை. துளை போடும் இயந்திரத்துக்குப் பக்கத்துச் சுவரில், ஆணியில் ஒரு பிளாஸ்டிக் உறை தொங்கும். உறையின் மேல் மூலையில் சந்தனமும் குங்குமமும் இருக்கும். அந்தப் பொட்டு அங்கே வந்த கதையில் எனக்கும் பங்கு உண்டு. பெருமைப்படும்படியான பங்கு அல்ல.

ஸ்ரீ கெம்பாங்கானில் சக்கர நாற்காலி செய்யும் கம்பெனியில் நான் தரப் பரிசோதகர். கால் வைக்கும் பலகையைத் தாங்கும் இரும்புத் தகடுகளை எங்களுக்குச் செய்து தந்தவர் அந்தப் பட்டறை முதலாளி. நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மிஸ் என்பார். தகட்டின் வரைபடம் மாறினால் புதியதைக் கொடுத்து, பழையதை ஒன்று விடாமல் திரும்ப வாங்கிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. பழைய தாள் ஒன்று தங்கினாலும் வினைதான் என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வகுப்பெடுத்த ஆள் நான்.

அந்த வருடம் ரிவிஷன் பி என்ற பழைய வரைபடம் போய் ரிவிஷன் சி வந்தது. மாற்றம் ஒன்றே ஒன்று, ஒரு துளை மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தது. புதிய தாளை லோரியில் கொடுத்தனுப்பிவிட்டுப் போன் செய்தேன்.

"பழசெல்லாம் எடுத்தாச்சா அண்ணே?"

"எடுத்தாச்சு மிஸ். ஃபைல்ல இருந்தத லோரியிலயே அனுப்பிட்டேன்."

கிள்ளான் வரைக்குமான நெரிசலை நினைத்ததும் எனக்குச் சோம்பல் வந்தது. படிவத்தில் 'நேரில் பார்த்தேன்' என்ற கட்டத்தில் உட்கார்ந்த இடத்திலேயே டிக் அடித்தேன்.

அடுத்து வந்த தகடுகளில் ஒன்றில்கூட போல்ட் நுழையவில்லை. கொதித்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். ஃபைலில் ரிவிஷன் சி சமர்த்தாக இருந்தது. சுவரிலோ ரிவிஷன் பி, நான்கு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம். இயந்திரத்தில் நிற்பவர் பார்த்தது சுவரைத்தான்.

"ஆயுத பூசையில மிஷினோட வச்சு கும்பிட்ட தாளு மிஸ்," என்றார் அண்ணன். "பொட்டு வச்சத எப்படிக் கழட்டிக் கொடுக்கிறதுன்னு விட்டுட்டேன்."

கத்தத்தான் வந்தேன். ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டில் மட்டும் என்ன? கால் பட்டால் செய்தித்தாளையே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாங்கள்.

சப்ளையரின் கவனக்குறைவு என்று அறிக்கையை முடிக்கச் சொன்னார் என் மேனேஜர். அப்படி முடித்தால் அண்ணன் பெயர் சப்ளையர் பட்டியலிலிருந்து போய்விடும். அவருடைய இரண்டு இயந்திரங்களும் எங்கள் வேலையை நம்பித்தான் ஓடின. பழைய தாளைக் கழற்றாதது அவர் தவறு என்றும், பார்க்காமலே பார்த்ததாக டிக் அடித்தது நான் என்றும் எழுதினேன்.

"இப்படி எழுதுனா உங்க மேலயும் வரும், ஓகே ஆ?" என்றார் மேனேஜர்.

"ஓகே லா பாஸ்," என்றேன். உள்ளுக்குள் பயம்தான். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பட்டறை பட்டியலில் தங்கியது. அந்தக் கடிதத்துக்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை.

தீர்வு சொன்னது அண்ணன்தான். "இனிமே பொட்டு பிளாஸ்டிக் உறைக்கு மிஸ். உள்ள இருக்கிற தாளு வரும், போகும்." சுவரில் இருந்த ரிவிஷன் பி-யை இரண்டு கையாலும் கழற்றிக் கொடுத்தார். எங்கள் அலுவலகக் கோப்பில் 'ரத்து' என்று சாப் முத்திரை குத்திய தாள்களிலேயே பொட்டு வைத்தது அது ஒன்றுதான்.

இப்போது வரைபடமெல்லாம் டேப்லெட்டில் வருகிறது. புதியது ஏறினால் பழையது தானாக மறைந்துவிடும், நான் என் மேசையிலிருந்தே ஒப்புதல் கொடுத்துவிடலாம். போன மாதம் ஒரு வரைபடம் மாறியபோது அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"பழசு போயிருச்சா அண்ணே?"

"போயிருச்சு. ஆனா நீங்க வந்து பாத்துட்டு சைன் போடுங்க மிஸ்."

போனேன். அதே ஆணியில் அதே உறை, உள்ளே டேப்லெட், மூலையில் புதுக் குங்குமம். திரையில் எந்த ரிவிஷன் என்று ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தேன். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.