அண்ணன் எடுத்துக்கொள்ளாத படிப்பு

பெரியோர்களுக்கும் உறவினர்களுக்கும் வணக்கம். அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்காக இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அண்ணன் மகள்தான் பிழை திருத்தினாள். "எழுத்தை மாற்று, விஷயத்தை மாற்றாதே" என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். அப்படியும் தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் சங்கராபுரம் பக்கத்தில் எங்கள் ஊரில் பிறந்தார். என்னைவிட ஏழு வயது மூத்தவர். அவர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் அப்பா இறந்துவிட்டார். வீட்டில் ஒரு ஜோடி மாடும், மரவள்ளி போடும் கொஞ்சம் மேட்டு நிலமும்தான். அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததாக அண்ணனுக்குக் கடிதம் வந்திருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, "போவலம்மா, ஏரப் புடிக்கறன்" என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரம்தான் என்னை ஆறாம் வகுப்புக்குச் சங்கராபுரத்தில் சேர்த்தார்கள். முதல் நாளே வாத்தியார் என்னை எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொன்னார். எனக்கு வாய் திறக்கவில்லை. "இன்னாடா, ஊமையா நீ?" என்றார். வகுப்பே சிரித்தது. சாப்பாட்டு மணி அடித்ததும் பின்பக்கமாக இறங்கி, நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"ஏன்டா அதுக்குள்ள வந்துட்ட?" என்று அம்மா கேட்டார். அண்ணனும் அங்கே இருந்தார். பயந்து ஓடி வந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "நான் இஸ்கூலுக்குப் போவலம்மா. மாட்ட நான் பாத்துக்கறன். அண்ணன் படிக்கட்டும்" என்றேன். அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அண்ணன் என் தலைமேல் கை வைத்தார். அவ்வளவுதான். என் பயத்துக்குத் தியாகம் என்று பெயர் வந்துவிட்டது.

அண்ணன் பல்கலைக்கழகம் போனார். ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து, "இந்த வருஷமாச்சும் சேருடா, நான் கூட வரன்" என்பார். "மாட்ட யாரு பாக்கறது?" என்று நானும் தவறாமல் கேட்பேன். அவர் முகம் சுருங்கிப்போகும். ஊரில், "தம்பிய மாடு மேய்க்க வுட்டுட்டு அண்ணங்காரன் படிச்சிக்கினான்" என்று அவர் காதுபடவே பேசினார்கள். நான் ஒருவரையும் மறுத்துச் சொன்னதில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அண்ணன் அங்கேயே டாக்டர் பட்டம் வாங்கினார், பேராசிரியர் ஆனார், கடைசியில் அதே பல்கலைக்கழகத்துக்குப் பதிவாளரும் ஆனார். விரிவுரையாளராக இருந்த நாளிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் பிள்ளைகளைப் படிக்க அனுப்பச் சொல்லிக் கேட்கக் கல்வராயன் மலைக்கு ஏறுவார். பதிவாளரான பிறகு, விண்ணப்பத்துக்காக மலைப்பிள்ளைகள் யாரும் கீழே இறங்கி அலையக் கூடாது என்று வெள்ளிமலையிலேயே மேசை போட வைத்தார். சாதிச் சான்றிதழ் கைக்கு வரும்வரை அவர்களோடு அலுவலகம் அலுவலகமாகப் போய் நின்றார். அப்படிப் படித்தவர்களில் ஒருவர் இன்று அரசு மருத்துவர். இரண்டு பேர் வேளாண்மை அதிகாரிகள். ஒருவர் சாமை விதையில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கினார். ஒரு பெண் அதே பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறைத் தலைவராக இருக்கிறார்.

அண்ணனின் பணி ஓய்வு விழாவில் நான் கடைசி வரிசையில் கார் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் மைக்கில், "நான் படிச்ச படிப்பு என் தம்பியோடது. அவன் மாட்டப் புடிச்சான், நான் பேனாவப் புடிச்சன். மேல வாடா" என்றார்.

"உங்களத்தாண்ணே, எந்திரிங்க" என்றார் ஓட்டுநர்.

"நீ சும்மா இருப்பா."

"பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி குந்திக்கினு இருக்கீங்களே, போங்கண்ணே!" என்று தள்ளிவிட்டார்.

போனேன். அண்ணன் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அத்தனை படித்தவர்களும் எழுந்து நின்று கை தட்டினார்கள். "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று மைக்கைக் கொடுத்தார்கள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. "நன்றிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து அண்ணன் நோயில் விழுந்தார். கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் ஒரு காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் படிப்ப நான் எடுத்துக்கினு போயிட்டன்டா. மனசுல வச்சிக்காத" என்றார்.

நான், "கஞ்சி ஆறுது, குடிண்ணா" என்றேன்.

நாலாம் நாள் அவர் போய்விட்டார்.

தாவரவியல் துறைத் தலைவரான அந்தப் பெண்ணும் காரியத்துக்கு வந்திருந்தார். என்னைத் தேடி வந்து கும்பிட்டார். "பத்தாவதோட என்னை நிறுத்தப் பாத்தாங்க. சார் எங்க வீட்டு வாசல்ல குந்திக்கினு, 'என் தம்பி எனக்காக நின்னுட்டான், இன்னொரு புள்ள அப்பிடி நிக்கக் கூடாது'ன்னு அழுதாருங்க. அதுக்கப்புறம்தான் அப்பா வுட்டாரு" என்றார்.

அவரிடம்தான் முதன்முதலாக உண்மையைச் சொன்னேன். அவர், "இத எழுதுங்கண்ணே. மலையிலயும் நிறைய புள்ளைங்க கீழ வந்து படிக்க பயந்துதான் நின்னுடுதுங்க. கேட்டா வீட்டு வேலைன்னு சொல்லுதுங்க" என்றார். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிட்டத்தட்ட ஒரு வருடம் கடத்தினேன்.

அண்ணனைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், பாடையைத் தோள் மாற்றாமல் சுமந்த மலை மாணவர்களுக்கும், பல்கலைக்கழகத்தாருக்கும், பந்தல் போட்டதிலிருந்து பதினாறாம் நாள்வரை கூட நின்ற எங்கள் தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இனி யாரும் அண்ணனை அந்தப் பேச்சுப் பேச வேண்டாம். அவர் என் படிப்பை எடுத்துக்கொள்ளவில்லை. நான்தான் அதை விட்டுவிட்டு ஓடி வந்தேன். அந்தப் பழியை அவர் சாகும்வரை சுமந்தார். நான் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதி முடித்தது தை மாதம் 8ஆம் தேதி, வியாழக்கிழமை. அண்ணன் போய் ஒரு வருடம் ஆக மூன்று நாள் இருக்கிறது.