எட்டாவது முடிச்சு

தெருவில் கயிறு அத்தை என்றால்தான் அவளைத் தெரியும். துணிக்கடையில் நின்று நின்று கால் வீங்கிப்போனதும், லாண்டரிக் கடைக்கு மேலே இரண்டு அறை பிடித்துக் குழந்தைகள் காப்பகம் தொடங்கினாள். வெள்ளிக்கிழமை காலையில் பூங்காவுக்குப் போவதற்கென்றே ஒரு நீளக் கயிறு வைத்திருந்தாள். எட்டுப் பிள்ளைகளுக்கு எட்டு முடிச்சு. ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டால் ஊர்வலம் கிளம்பிவிடும். "தலைய எண்ணாத, முடிச்ச எண்ணு. தலை ஓடிரும், முடிச்சு ஓடாது" என்று கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லோருக்கும் பாடம் எடுப்பாள். அந்தக் கயிற்றில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

பூங்காவில் அவளுக்கு ஆகாத ஆள் ஒருவன் உண்டு, தோட்டக்காரன். ஓர் இலை உதிர்ந்தாலும் உயிரே போனதுபோல் கத்துவான்.

"ஏம்மா, உங்க பட்டாளத்தப் புல்லு மேல விடாதீங்க!"

"புல்லு என்ன உங்க பாட்டன் சொத்தா?" என்று இவளும் விடமாட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆடி முடித்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். கயிற்றைப் பார்த்தாள், எட்டு முடிச்சிலும் கை இருந்தது. நடையைக் கட்டினாள். வாசலைத் தாண்டியபோது பின்னாலிருந்து ஒரு பெண் தலைதெறிக்க ஓடி வந்தாள்.

"ஏங்க, என் பையன எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

கடைசி முடிச்சில் முன்பின் தெரியாத ஒரு பொடியன். ஏதோ பெரிய பொறுப்பில் இருப்பவன்போல் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தான். விளையாட்டு பிடித்துப்போய்த் தானாக வந்து சேர்ந்திருந்தான். அப்படியானால் அந்த முடிச்சுக்காரி எங்கே? பெட்ரோல் பங்க்கில் வேலை பார்ப்பவளின் ஒரே மகள் பாப்பா, விழுந்தாலும் வாய்திறந்து அழாத பிள்ளை. பூங்காவுக்குள்ளே குளம் இருந்தது.

"இதுங்களக் கொஞ்சம் பாத்துக்கோம்மா" என்று அத்தை கயிற்றை அந்தப் பெண்ணின் கையில் திணித்துவிட்டு ஓடினாள். முன்பின் தெரியாதவளை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

குளத்துக்கு இந்தப் பக்கம் ரோஜாப் பாத்தி வெள்ளக்காடாகிக் கிடந்தது. கீழே விழுந்த ரப்பர் குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது. தோட்டக்காரன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கணுக்கால் அளவு சேற்றில் நின்று பாப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"குழாய மூடணும்னா இவள விடணும். விட்டா நேரா குளத்துக்குப் போறா. தூக்கினா கடிக்கிறா" என்றான். "எப்படியும் தேடி வருவீங்கன்னு நின்னுட்டேன்."

அவன் கத்தவே இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "அண்ணே" என்றாள். பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

சாயங்காலம் பங்க்காரி வந்தாள். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் மனசு கேட்காமல் அத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள். பங்க்காரியின் முகம் வெளுத்தது. மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் ஏழு பேர் வந்தாயிற்று. இனி அவள் எங்கே வரப்போகிறாள், வேண்டும் எனக்கு, என்று அத்தை நினைத்துக்கொண்டிருக்கும்போதே படியில் பெட்ரோல் வாசம் வந்தது.

"ராத்திரி பூரா தூக்கமில்லக்கா. மறைச்சிருந்தீங்கன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது." மகளின் கையை எடுத்து அத்தையின் கையில் வைத்தாள். "மறைக்கல பாருங்க, அதான் கூட்டிட்டு வந்தேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தை முடிச்சையும் எண்ணினாள், முகத்தையும் எண்ணினாள். தோட்டக்காரன் வழக்கம்போல், "புல்லு, புல்லு!" என்று கத்தினான்.

"சரிங்கண்ணே" என்றாள். அவ்வளவு பணிவாக அவள் அங்கே பேசியதே இல்லை. அந்தக் கத்தலைக் கேட்கக் கேட்க நெஞ்சு நிறைந்தது.

பாப்பா முடிச்சை விட்டுவிட்டு நேராக அவனிடம் போய் மணிக்கட்டை நீட்டினாள். அவன் முதலில் குழாயை மூடினான். பிறகு பிடித்துக்கொண்டான்.